பதிவு பெறாத கழகம்: பெங்களூர் – ஓசூர் எல்லைப்பகுதியும் தமிழில் ஐரோப்பியத் தத்துவத்தின் வருகையும்

ஐரோப்பியக் கண்டத் தத்துவம் என்பது ஹெகல், மார்க்ஸ், நீட்சே ஆகியோரிடம் வேர்கொண்டு, 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கிளைவிட்ட பல சிந்தனை மரபுகளின் தொகுதியாகும். பொருள்கள் மனித உணர்வுக்கு எவ்வாறு தோற்றமளிக்கின்றன என்பதைத் தத்துவத்தின் தொடக்கமாகக் கொண்ட நிகழ்வியல், மனிதனுக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட சாரம் எதுவுமில்லை, அவன் தன் தேர்வுகளாலேயே தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்ற இருத்தலியம், மொழியிலும் பண்பாட்டிலும் தனிக்கூறுகளைவிட அவற்றுக்கிடையிலான உறவுகளே பொருளைத் தருகின்றன என்ற அமைப்பியல், அந்த உறவுகளின் ஒழுங்கே நிலையற்றது என்று காட்ட முயன்ற பின்அமைப்பியல் ஆகியவை அத்தொகுதியுள் அடங்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தத்துவத் துறைகள் தருக்கத்தையும் சொற்பொருள் ஆராய்ச்சியையும் மையமாகக் கொண்ட பகுப்பாய்வுத் தத்துவத்தின் பிடியில் இருந்தமையால், அங்கு இம்மரபுகளைப் பயில விரும்பியோர் தமக்கெனத் தனிக் கழகங்களை அமைத்துக்கொள்ள நேர்ந்தது.

அவற்றுள் முதன்மையானது நிகழ்வியல், இருத்தலியத் தத்துவக் கழகம். ஜான் வைல்ட், ஜேம்ஸ் ஈடி, வில்லியம் எர்ல் முதலியோரின் முயற்சியால் 1962இல் சிகாகோவை அடுத்துள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கூடிய இக்கழகம் ஆண்டுக் கூட்டங்களை நடத்தியது; அதோடு, அதே வட்டத்தினரின் முயற்சியால் அப்பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் மெர்லோ பொந்தி, ஹுஸ்ஸர்ல் போன்றோரின் நூல்களை ஆங்கிலத்தில் வரிசையாகக் கொண்டுவரவும் வழி ஏற்பட்டது. இங்கிலாந்தில் வுல்ஃப் மேய்ஸின் முன்முயற்சியால் 1967இல் பிரித்தானிய நிகழ்வியல் கழகம் தோன்றி, 1970 முதல் தனக்கென ஓர் ஆய்விதழையும் நடத்தியது. இத்தகைய கழகம் ஒன்றின் பணிகளாக நான்கைக் கொள்ளலாம்: மூலநூல்களைப் பயில ஆள்களைத் திரட்டுவது, மொழிபெயர்ப்பது, விவாதிக்க இதழ் நடத்துவது, அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிப்பது. தமிழில் முதல் மூன்றும் நடந்தன. ஆயினும் அவற்றை நடத்தியது தத்துவத் துறையோ, பதிவு பெற்ற கழகமோ அன்று. சிறுபத்திரிகைகளும் அவற்றைச் சூழ்ந்திருந்த நண்பர் வட்டங்களுமே. நான்காவது பணி மட்டும் நடைபெறாமற் போனதன் விளைவை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

இந்தியாவில் தத்துவத்துக்கென அமைப்புகள் இல்லாமலில்லை. இந்தியத் தத்துவப் பேரவை தாகூரின் தலைமையில் 1925இல் கல்கத்தாவில் தன் முதல் அமர்வை நடத்தியது. இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் குழு 1977இல் பதிவு செய்யப்பட்டது. ஜே.என். மொஹந்தி ஹுஸ்ஸர்லின் பொருண்மைக் கோட்பாட்டைப் பற்றி 1964இலும், காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே.எல். மேத்தா ஹைடெக்கரைப் பற்றி 1967இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல்கள் ஐரோப்பியரும் மதித்த நூல்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையோ டி.எம்.பி. மகாதேவனின் தலைமையில் அத்வைத வேதாந்த ஆய்வில் ஆழமாக வேரூன்றி, 1964இல் உயராய்வு மையமாகவும் உயர்ந்தது. அது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய ஆய்வு மரபு என்பதில் ஐயமில்லை. ஆனால் சார்த்தரையோ ஹைடெக்கரையோ தமிழில் எழுதிப் பார்க்கும் முயற்சி அங்கிருந்து எழவில்லை. பெங்களூரிலிருந்த தர்மாராம் போன்ற கிறித்தவக் குருமடங்களும் ஐரோப்பியத் தத்துவத்தைக் கற்பித்தன. ஆனால் அவற்றின் மொழி ஆங்கிலமாக இருந்தது; மாணவர்கள் துறவு வாழ்வை ஏற்றவர்களாக இருந்தனர்.

தமிழில் இவ்வரலாற்றின் முதற்கட்டம் இருத்தலியத்தின் வருகையாகும். எஸ்.வி. ராஜதுரை எழுதிய 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' 1975இல் க்ரியா பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் எஸ். ராமகிருஷ்ணன் அப்பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். ராஜதுரையின் 'அந்நியமாதல்' நூல் 1979இல் வெளிவந்தது. உழைப்பவன் தன் உழைப்பின் விளைபொருளிலிருந்தும், உழைப்பென்னும் செயலிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறான் என்று 1844இல் இளம் மார்க்ஸ் எழுதி, 1932இல்தான் முழுமையாக அச்சேறிய கையெழுத்துப் படிகளின் கருத்தை அந்நூல் தமிழ் வாசகர்முன் வைத்தது. கோவையிலிருந்து இயங்கிய ஞானியும் அந்நியமாதல் பற்றிய விவாதத்தைத் தம் இதழ்களின் வழி முன்னெடுத்தவர். பிரெஞ்சு மொழி ஆசிரியரான வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து 1980இல் வெளியிட்டார். சார்த்தரின் நாடகம் ஒன்றும் 'மீள முடியுமா?' என்ற பெயரில் அவரால் தமிழாயிற்று. ஐரோப்பியத் தத்துவம் தமிழுக்குள் நுழைந்தபோதே ஒரு கையில் நாவலையும் மறு கையில் மார்க்சியத்தையும் பிடித்துக்கொண்டு நுழைந்தது என்பதை இந்த ஆறேழு ஆண்டுகளின் நூல்வரிசை தெளிவாக்குகிறது. அத்தத்துவம் பின்னர் தமிழில் கொண்ட வடிவத்துக்கு இதுவே அடிப்படை.

இரண்டாம் கட்டத்தின் களம் தமிழ்நாட்டுக்கு வெளியே, பெங்களூரில் அமைந்தது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையில் பணியாற்றிய தமிழவனும் அவருடைய நண்பர்களும் 1970களின் கடைசி ஆண்டுகளிலும் 1980களிலும் 'படிகள்' என்ற சிறுபத்திரிகையையும், பின்னர் 'இங்கே இன்று' இதழையும் நடத்தினர். சு. சண்முகசுந்தரத்தின் காவ்யா பதிப்பகமும் அந்நாளில் பெங்களூரிலிருந்துதான் இயங்கியது. ஒரு மாநிலத்தின் மொழி சார்ந்த சிந்தனைப் பெயர்வு அம்மாநிலத்துக்கு வெளியேயுள்ள நகரத்தில் ஏன் நிகழவேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, கன்னட நவீனத்துவ இலக்கிய இயக்கமான நவ்யத்தின் அண்மை. கோபாலகிருஷ்ண அடிகரின் 'சாக்ஷி', யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'ருஜுவாது' ஆகிய இதழ்கள் மேலைச் சிந்தனையைக் கன்னட இலக்கியத்தோடு உரசிப் பார்த்தவை. 1965இல் வெளிவந்த அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலில், இறந்தவருக்கு ஈமச்சடங்கு செய்யும் உரிமை யாருக்கு என்ற சாத்திரச் சிக்கல் படிப்படியாக, தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுக்கவேண்டிய ஒரு மனிதனின் இருத்தலியச் சிக்கலாக மாறுவதைத் தமிழ் எழுத்தாளர்கள் அருகிலிருந்தே பார்த்தனர். இரண்டாவது, பெங்களூர்த் தமிழாசிரியருக்குச் சென்னைத் தமிழ்ப்புலமை உலகின் நெருக்குதல் இல்லாதிருந்தது. தொல்காப்பியத்தையும் ஐரோப்பிய மொழியியலாளர் சசூரையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசுவோரைத் தடுத்து நிறுத்தக்கூடிய பீடங்கள் அங்கு இல்லை. சென்னையிலோ மதுரையிலோ அத்தகைய துணிவு அவ்வளவு எளிதில் வாய்த்திராது என்றே கருதவேண்டியிருக்கிறது.

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்தது. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்தினாண்ட் டி சசூரின் விரிவுரைகள் மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916இல் வெளிவந்த நூலிலிருந்து தொடங்கி, லெவி ஸ்ட்ராஸின் மானிடவியல், ரோலான் பார்த்தின் இலக்கிய ஆய்வு என விரியும் ஒரு மரபைத் தமிழ் வாசகருக்குப் பெரிய அளவில் அறிமுகப்படுத்திய முதல் நூல் அதுவே எனலாம். தொடர்ந்து வந்த 'தமிழும் குறியியலும்', 'தமிழ்க் கவிதையும் மொழிதல் கோட்பாடும்' போன்ற அவருடைய நூல்கள் அக்கோட்பாட்டைத் தமிழ்ப் பனுவல்களோடு பொருத்திப் பார்த்தன.

இம்முறையில் ஒரு பனுவல் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதைத் திணைக் கோட்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் சங்கக் கவிதையில் குறிஞ்சியின் பொருள் மலையிலிருந்து பிறப்பதில்லை. கூதிர், யாமம் என்ற பொழுதுகள் முல்லையின் காரையும் மாலையையும் விட்டு விலகி நிற்பதாலும், தினைப்புனமும் முருகும் நெய்தலின் உப்பங்கழியையும் வருணனையும் விட்டு விலகி நிற்பதாலும், புணர்தல் என்ற உரிப்பொருள் பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய நான்கிலிருந்தும் வேறுபடுவதாலுமே குறிஞ்சி குறிஞ்சியாகிறது. ஐந்து திணைகளுள் ஒன்றை நீக்கினால் எஞ்சிய நான்கின் பொருளும் இடம்பெயரும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூவடுக்கும் ஒன்றையொன்று சுட்டும் குறிகளாக இயங்குவதால்தான், கவிதையில் ஒரு நண்டோ ஒரு புன்னையோ வந்தவுடன் தலைவியின் மனநிலை சொல்லாமலே வாசகருக்கு விளங்கிவிடுகிறது. பாலைக்குத் தனி நிலம் இல்லாதிருந்தும் அது ஒரு திணையாக நிலைபெறுவது, உறவமைப்பே பொருளின் பிறப்பிடம் என்ற அமைப்பியல் வாதத்துக்கு வேறெந்த மொழியிலும் எளிதில் கிட்டாத சான்றாகும். தொல்காப்பியம் பயின்ற ஒருவருக்குச் சசூரின் கருத்து முற்றிலும் அந்நியமானதன்று. தமிழில் இருத்தலியத்தைவிட அமைப்பியல் ஆழமாக ஊன்றியதற்கும், அதை முன்னெடுத்தவர்கள் தமிழாசிரியர்களாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

எதிர்ப்பும் எழுந்தது. மனிதனையும் வரலாற்றையும் ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் பேசும் வாதம் என்று மரபான மார்க்சியர் அமைப்பியலைக் குறைகூறினர். எழுத்தாளனின் அனுபவத்தையும் உள்ளொளியையும் முதன்மையாகக் கருதிய நவீன இலக்கியவாதிகள், ஆசிரியனின் இடத்தைப் பறிக்கும் கோட்பாடு என்று அதை வெறுத்தனர். இவ்விரு குற்றச்சாட்டுகளும் 1960களில் பாரிசிலும் எழுந்தவையே. அங்கும் இங்கும் உள்ள வேறுபாடு காலக்கணக்கில் இருக்கிறது. அமைப்பியலை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்ய 1966 அக்டோபரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டப்பட்ட கருத்தரங்கிலேயே ழாக் தெரிதா அதன் அடித்தளத்தைக் கேள்விக்குள்ளாக்கிவிட்டார். எனவே தமிழவனின் நூல் வெளிவந்தபோது அமைப்பியலும் அதன் மறுப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே தமிழுக்குக் கிடைத்தன. ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக அரை நூற்றாண்டு நீண்ட கட்டங்கள் தமிழில் பதினைந்தே ஆண்டுகளுக்குள் அடுக்கடுக்காக வந்து சேர்ந்தன. செரிப்பதற்கு அவகாசம் போதவில்லை என்ற குறை நியாயமானதே. எனினும் ஒன்றை மற்றொன்றின் வெளிச்சத்தில் உடனுக்குடன் பார்க்கும் வாய்ப்பும் அதனால் கிடைத்தது. 1985இல் வெளிவந்த தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' நாவல் அவ்வாய்ப்பின் படைப்பிலக்கிய விளைவு.

மூன்றாம் கட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1990களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' மிஷல் ஃபூக்கோவையும் பின்நவீனத்துவ விவாதங்களையும் சாதி, பாலினம், விளிம்புநிலை மக்கள் ஆகிய கேள்விகளோடு இணைத்தது. தலித் அரசியலும் தலித் இலக்கியமும் எழுச்சிபெற்ற அதே ஆண்டுகளில் அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஃபூக்கோவின் கருத்துகள் தமிழுக்கு வந்தமையால், அவை வகுப்பறைப் பாடமாக அன்றி அரசியல் கருவியாகவே வாசிக்கப்பட்டன. இங்குக் கவனிக்கத்தக்கது இப்பணியைச் செய்தவர்களின் தொழில். அ. மார்க்ஸ் அரசுக் கல்லூரிகளில் இயற்பியல் கற்பித்தவர். ரவிக்குமார் வங்கி ஊழியர். ஸ்ரீராம் பிரெஞ்சு ஆசிரியர். ஞானியும் தமிழவனும் தமிழாசிரியர்கள். தத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர்கூட இப்பட்டியலில் இல்லை. மாதச் சம்பளத்தின் ஒரு பங்கை அச்சகத்துக்குக் கொடுத்து, மாலை வேளைகளில் மெய்ப்புத் திருத்தி, சில நூறு படிகளைத் தாமே உறையிட்டு, முகவரி எழுதி, அஞ்சலில் சேர்த்தவர்களின் உழைப்பே தமிழில் ஐரோப்பியத் தத்துவம். நார்த்வெஸ்டர்னில் ஒரு பல்கலைக்கழகமும் அதன் பதிப்பகமும் சுமந்த பாரத்தை இங்குத் தனிமனிதர்கள் சுமந்தனர் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால் அமைந்த ஓசூர், இவ்வரலாற்றில் இடம்பெறுவது இச்சூழலில்தான். சேலம் மாவட்டத்தின் வறண்ட வடமேற்கு மூலையாகவும், பின்னர்த் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவும் இருந்து, 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்த இவ்வூரில், சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட் ஆலையும், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூருக்குத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களுள் வாசகர்களும் எழுத்தாளர்களும் இருந்தனர். காவிரிச் சிக்கலை முன்னிட்டு 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை மூண்டபோது பலர் எல்லை கடந்து தஞ்சமடைந்ததும் இப்பகுதியில்தான். ஒருவரின் மொழி அடையாளம் பிறரோடு கொண்ட வேறுபாட்டால் ஆக்கப்படுவது என்ற அமைப்பியல் கூற்று இங்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

இப்பகுதியின் அறிவு வாழ்வைக் காட்ட இரு சான்றுகள் போதும். தொலைபேசித் துறையில் பணியாற்றியவரும் தொழிற்சங்கச் செயற்பாட்டாளருமான ஆதவன் தீட்சண்யா ஓசூரிலிருந்து நடத்திய 'புதுவிசை' காலாண்டிதழ், சாதி ஒழிப்பையும் பண்பாட்டு அரசியலையும் மையமாகக் கொண்டு நீண்ட நேர்காணல்களையும் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் வெளியிட்டது. அதன் சாய்வு கோட்பாட்டு அறிமுகத்தில் அன்று, களத்தின் கேள்விகளிலேயே இருந்தது. மற்றொரு சான்று பா. வெங்கடேசன். மதுரையில் பிறந்து ஓசூரில் வாழும் அவருடைய 'தாண்டவராயன் கதை' (2008), 'பாகீரதியின் மதியம்' (2016) ஆகிய பெருநாவல்கள், கதை என்பது உலகை எதிரொளிக்கும் கண்ணாடியா, உலகையே ஆக்கும் செயலா என்ற கேள்வியைத் தம் கட்டமைப்பாலேயே எழுப்புகின்றன. ஒரு கதைக்குள் மற்றொரு கதை, அதனுள் மேலும் ஒன்று எனச் செல்லும் அவற்றின் நெடும் வாக்கியங்களில், படிகள் காலத்து விவாதங்கள் நாவலாசிரியரின் கைக்கருவியாகப் பழுத்துவிட்ட நிலையைக் காணலாம். கோட்பாடு தமிழில் தழைத்த இடங்களுள் மிக வளமானது இதுவென்றே சொல்லத் தோன்றுகிறது.

எல்லையின் மூன்றாம் முனை ஆந்திரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியை அடுத்து, மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், திராவிட மொழிகளை ஒப்புநோக்கி ஆராயும் நோக்கில் வ.அய். சுப்பிரமணியம் போன்ற மொழியியல் அறிஞர்களின் பங்களிப்போடு உருவானது. வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்த தமிழவன் பின்னர் இதன் தமிழ்த்துறைக்குத் தலைமையேற்றார். பெங்களூரிலிருந்து 'சிற்றேடு' காலாண்டிதழை நடத்தியதும் அவரே. ஆக, ஒரே மனிதரின் பணிவாழ்வு பெங்களூரையும் குப்பத்தையும் தொட்டுச் செல்ல, இடைப்பட்ட ஓசூரில் அவ்விவாதங்களின் வாசகர்களும் படைப்பாளிகளும் வாழ்ந்தனர்.

இனி, நடைபெறாமற் போன நான்காம் பணிக்கு வரலாம். சிறுபத்திரிகை வாசகரை உருவாக்கும், மாணவரை உருவாக்காது. ஓர் இதழ் நின்றால் அதன் விவாதமும் நின்றுவிடும்; பாடத்திட்டமோ ஆண்டுதோறும் கூடும் அவையோ இல்லாதபோது அதை யாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. இதன் விளைவு எவை வந்தன, எவை வரவில்லை என்பதில் வெளிப்படுகிறது. இலக்கியத்தோடு உறவுள்ள சார்த்தர், காம்யு, பார்த் ஆகியோரும், அரசியலோடு உறவுள்ள கிராம்ஷி, ஃபூக்கோ ஆகியோரும் தமிழில் பேரளவு பேசப்பட்டனர். இவர்களுக்கெல்லாம் அடிநிலமான நிகழ்வியல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஹுஸ்ஸர்லின் 'தருக்க ஆய்வுகள்' (1900–01), ஹைடெக்கரின் 'இருப்பும் காலமும்' (1927) போன்ற நூல்கள் ஆசிரியரும் மாணவரும் ஆண்டுக்கணக்கில் பத்தி பத்தியாகப் பயிலவேண்டியவை. இதழின் பதினைந்து பக்கக் கட்டுரைக்குள் அடங்காதவை. சிறுபத்திரிகைகள் காட்டிய அக்கறையில் பாதியளவு சென்னை, சிதம்பரம், மதுரைத் தத்துவத் துறைகளில் இருந்திருந்தால்கூட இந்நூல்களுக்குத் தமிழில் ஒரு வாசிப்பு மரபு உருவாகியிருக்கும். அவ்வாறு நேராதது ஈடுசெய்யக் கடினமான இழப்பாகும்.

வந்து சேர்ந்தவற்றிலும் ஒரு பகுதி தொடப்படாமலே இருக்கிறது. ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட, தண்டனையையும் ஒழுங்கையும் பற்றிய நூல் தமிழில் சிறைச்சாலை, கல்வி, சாதி ஆகியவற்றை விவாதிக்கவே பெரிதும் பயன்பட்டது. தொழிற்சாலையைப் பற்றிய அதன் பக்கங்கள் அத்தகைய கவனம் பெறவில்லை. வெர்சாயை அடுத்த ழூயி என்னுமிடத்தில் 1791இல் எழுப்பப்பட்ட துணி அச்சிடும் ஆலையை அவர் அங்கு எடுத்துக்காட்டுகிறார்: 110 மீட்டர் நீளம், மூன்று தளங்கள், தரைத்தளத்தில் இரு வரிசைகளாக 132 மேசைகள். நடுவழியில் நடந்து செல்லும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு தொழிலாளியின் வருகையையும் வேகத்தையும் வேலையின் தரத்தையும் ஒரே பார்வையில் கண்டு, மற்றவரோடு ஒப்பிட முடிந்தது. இடத்தைக் கூறுகூறாகப் பிரிப்பது, நேரத்தை மணியாலும் அட்டவணையாலும் அளப்பது, உடலின் அசைவைக் கருவியின் அசைவோடு பொருத்துவது என்ற மூன்று உத்திகளால் உழைக்கும் உடல் பயனுள்ளதாகவும் பணிவுள்ளதாகவும் ஒருசேர ஆக்கப்பட்டது என்பது அவருடைய வாதம். ஷிப்டு மணிக்கு ஏற்ப ஓர் ஊரே எழுந்து உறங்கும், கம்பெனிப் பேருந்தின் நேரத்தால் அடுப்பெரியும் நேரம் முடிவாகும் சிப்காட் பகுதியில், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சித் தொழிலாளி என மூவகையினர் ஒரே கோட்டில் நின்று வெவ்வேறு கூலிக்கு உழைக்கும் ஆலைகளில், அந்த வாதத்தைச் சோதித்தும் திருத்தியும் எழுதுவதற்கான மூலப்பொருள் 1980 முதலே குவிந்து கிடக்கிறது. அவ்வாய்வுக்கு வேண்டிய கருத்துக் கருவிகளும் அதே ஆண்டுகளில்தான், அதே நெடுஞ்சாலையில், 40 கிலோமீட்டர் அப்பால் தமிழாகிக்கொண்டிருந்தன.